சங்கும் கான்காவும்: ஓர் உடற்கூற்றுச் சொல்லின் பிறப்பும் கொற்கைக் கரையும்

மூக்கின் உட்சுவரில், இரு பக்கமும் மும்மூன்றாக, சுருண்ட மெல்லிய எலும்புத் தகடுகள் இருக்கின்றன. உள்ளே போகும் காற்று இவற்றின் மேல் படிந்து சுழன்று, சூடும் ஈரமும் பெற்று நுரையீரலுக்கு இறங்குகிறது. ஆங்கில உடற்கூற்றியல் இவற்றை 'நேசல் கான்கா' என்கிறது. செவிமடலில், காதுத் துளைக்கு வெளியே கிண்ணம்போல் குழிந்திருக்கும் இடத்துக்கும் 'கான்கா' என்றே பெயர். லத்தீனில் இச்சொல்லுக்குச் சிப்பி, சங்கு, ஓடு என்று பொருள்.

கான்கா என்ற ஒலியைக் கேட்டதும் தமிழ்க் காதுக்குச் சங்கு நினைவுக்கு வரும். ஏரல் வட்டாரத்தாருக்கு அந்த நினைவு இன்னும் நெருக்கமானது. ஏரலிலிருந்து சில கிலோமீட்டரில் கொற்கை இருக்கிறது; தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் புன்னைக்காயல்; வடக்கே தூத்துக்குடி. சங்கும் முத்தும் குளித்தே வளர்ந்த கரை இது. 'சங்கிலிருந்துதான் கான்கா வந்ததா?' என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. 'ஆம்' என்று சொல்லிவிட ஆசையும் பெருமையும் தூண்டும். ஆசையை ஒதுக்கிவிட்டு, இந்தக் கேள்விக்கு இருக்கும் விடைகளை ஒவ்வொன்றாக எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை.

மேற்கே நடந்த வழி

ஆங்கிலம் இச்சொல்லை லத்தீனிலிருந்து எடுத்தது. லத்தீன் கிரேக்கத்திலிருந்து எடுத்தது. கிரேக்கத்தில் 'கொங்க்கே', 'கொங்க்கோஸ்' என்ற இரு வடிவங்கள் உண்டு. இரட்டை ஓடுடைய சிப்பி, மட்டி முதலியவற்றை முதலில் குறித்த சொல், பிறகு குழிவான எதற்கும் ஆகிவந்தது. கி.பி. 100ஐ ஒட்டி வாழ்ந்த எபேசஸ் நகர மருத்துவர் ரூபஸ், மனித உடற்பகுதிகளின் பெயர்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். செவிமடலின் மேடு பள்ளங்களுக்கு அவர் தரும் பெயர்களில் கொங்க்கேயும் ஒன்று. அதே இடத்தில் அவர் சொல்லும் ஹீலிக்ஸ், ஆன்ட்டிஹீலிக்ஸ், ட்ரேகஸ் என்பவை இன்றும் மருத்துவ மாணவர் மனப்பாடம் செய்யும் சொற்கள். ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் இடம் மாறாமல் நிற்கும் பெயர்கள் இவை.

மறுமலர்ச்சிக் காலத்தில் உடலை அறுத்துப் பார்ப்பது பெருகியபோது பெயர்களும் பெருகின. உடற்கூற்றியலார் வெசாலியஸின் பெருநூல் 1543இல் பேசல் நகரில் அச்சானது. 1561இல் ஃபலோப்பியோ உட்செவியின் சுருளறைக்குக் 'காக்ளியா' என்று பெயரிட்டார். அதுவும் கடற்கரையின் சொல்தான்: கிரேக்கத்தில் நத்தை. கொங்க்கேயோடு உறவுடையதாகவே அறிஞர் பலர் அதைக் கருதுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஓர் உறுப்புக்குப் பல பெயர் வழங்கி, புழக்கத்தில் ஏறத்தாழ 50,000 பெயர்கள் சேர்ந்துவிட்டன. 1895இல் பேசலில் கூடிய உடற்கூற்றியலார் அவற்றைச் சுமார் 5,000 ஆகக் குறைத்தனர். மூக்கின் தகடுகளுக்குக் கான்கா என்ற பெயர் அப்போது உறுதிப்பட்டது.

அதற்குப் போட்டியாக இருந்த பெயர் 'டர்பினேட்'. காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இன்றும் பேச்சில் அதைத்தான் சொல்கிறார்கள். லத்தீனில் 'டர்போ' என்றால் பம்பரம், சுழல். இதில் நம் கரைக்கு ஒரு தொடர்பு உண்டு. தூத்துக்குடிக் கடலில் எடுக்கும் சங்கின் அறிவியல் பெயர் 'டர்பினெல்லா பைரம்'. பம்பரத்தைக் குறிக்கும் அதே வேர்தான் இதிலும் இருக்கிறது. மூக்கெலும்புக்குச் சங்கின் பெயரும் பம்பரத்தின் பெயரும் கிடைத்தன. சங்குக்கோ பம்பரத்தின் பெயர் கிடைத்தது. உறவு சொல்லில் மட்டும் இல்லை. சுருண்ட வடிவத்தைப் பார்த்த கண்ணிலும் இருக்கிறது.

மூன்று விடைகள்

கிரேக்கக் கொங்க்கேவுக்கும் நம் சங்குக்கும் என்ன தொடர்பு? இதற்கு மூன்று விடைகள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, தமிழ்ச் சங்கே கடல் கடந்து கிரேக்கம் சென்றது என்பது. தனித்தமிழ் வழிச் சொல்லாய்வாளர்கள் சங்கு என்பதை வளைதல், சுருளுதல் என்ற கருத்துடைய தமிழ் வேரிலிருந்து வருவிப்பார்கள். இரண்டாவது, வடமொழிச் 'சங்க்க'வும் கிரேக்கக் கொங்க்கேயும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூதாதையின் இரு பிள்ளைகள், தமிழ் வடமொழியிலிருந்து பெற்றது என்பது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி சங்கை வடசொல் வழியதாகவே காட்டுகிறது. மூன்றாவது, வடமொழியும் கிரேக்கமும் தத்தம் நிலத்தில், தமக்கு முன்பிருந்த ஏதோ ஒரு மொழியிடமிருந்து இச்சொல்லைக் கடன் பெற்றிருக்கலாம் என்பது.

சொல்லின் பிறப்பைத் தீர்மானிக்க மூன்று சோதனைகள் வேண்டும்: ஒலி, காலம், வழி. ஓசை ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது.

ஒலியை முதலில் பார்ப்போம். வடமொழியில் சகரம் நிற்கும் இடத்தில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் ககரம் நிற்பது ஒன்றிரண்டு சொல்லில் அல்ல, வரிசையாகக் காணப்படுகிறது. நூறு என்பதற்கு வடமொழியில் சதம், கிரேக்கத்தில் ஹெகடோன், லத்தீனில் கெண்டும். பத்துக்குத் தசம், டெகா, டெகெம். உடற்கூற்றிலேயே எடுத்துக்காட்டு உண்டு: தலைக்குச் சிரஸ் என்பது வடமொழி, மண்டையோட்டுக்குக் கிரேனியம், பெருமூளைக்குச் செரிப்ரம் என்பவை அதே வேரில் முளைத்த கிரேக்க, லத்தீன் சொற்கள். இந்த வரிசையில் சங்க்கவும் கொங்க்கேயும் பிசிறின்றிப் பொருந்துகின்றன. ஒலிச் சோதனை இரண்டாம் விடைக்கே வலுச் சேர்க்கிறது. ஒரே ஒரு தடை: இரு சொல்லிலும் வரும் மூச்சொலி கலந்த வல்லின ககரம் மூல இந்தோ-ஐரோப்பியத்தில் இருந்ததா என்பதே விவாதத்தில் இருக்கிறது. மூன்றாம் விடை உயிரோடிருப்பது அந்தத் தடையால்தான்.

அடுத்து காலம். கிரேக்கர் கொற்கைக்கு வந்த சான்று உறுதியானது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரையக் கடலின் பெரிப்ளூஸ்' கொற்கையைக் 'கொல்கோய்' என்று குறிப்பிட்டு, அங்கே பாண்டியர் ஆட்சியில் தண்டனை பெற்றோர் முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் தாலமியும் அவ்வூரைக் குறிக்கிறார். ஆனால் கொங்க்கே என்ற சொல் கிரேக்க நாடக ஆசிரியர்களிடம் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே வழங்கியது. அரிஸ்டாட்டில் கடல் உயிர்களை விவரிக்கும்போது அதை எடுத்தாள்கிறார். கொற்கைக்கும் கிரேக்கத்துக்கும் நேர் வணிகம் நடந்ததற்குச் சான்று கிடைக்கும் காலத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே அந்தச் சொல் அங்கே வேரூன்றிவிட்டது.

கடைசியாக வழி. கடன் வாங்கிய சொல் பொருளோடு சேர்ந்தே வரும். மிளகோடு மிளகின் பெயர் போகும். முத்தோடு முத்தின் பெயர் போகும். கிரேக்கக் கொங்க்கேயோ மத்தியதரைக் கடலின் சொந்த மட்டிக்கும் சிப்பிக்கும் வைத்த பெயர். தங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் மட்டிக்கு அவர்கள் தூரக் கடலிலிருந்து பெயர் வாங்கி வந்திருக்கத் தேவையில்லை.

மூன்று சோதனைகளும் சேர்ந்து சொல்வது தெளிவு. கான்காவுக்குத் தமிழ்ச் சங்கு தாயல்ல. கான்காவும் வடமொழிச் சங்க்கவும் உடன்பிறப்புகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தமிழ், தன் கரையில் விளைந்த பொருளுக்குத் தன்னிடம் வளை, கோடு, நந்து, பணிலம் என்று பல பெயர்கள் இருந்தும், சங்கையும் சேர்த்துக்கொண்டு அன்றாடப் பேச்சில் அதையே முதன்மை ஆக்கிக்கொண்டது. நாசிக்கும் நேசலுக்கும், தந்தத்துக்கும் டென்டலுக்கும், பாதத்துக்கும் பெடலுக்கும் உள்ள உறவும் இத்தகையதே: வடமொழி வழி நமக்கு வந்தவை, லத்தீன் வழி ஆங்கிலத்துக்குப் போனவை. மூக்கும் பல்லும் காலும் வேறு குடும்பம், அவை நம்முடையவை.

கொற்கைக் கரை உண்மையில் கொடுத்தது

கான்காவின் பெருமை இந்தக் கரைக்கு இல்லை என்றால், கொடுத்தது எதுவும் இல்லையா? உண்டு, அதற்கு ஆண்டோடு சான்றும் உண்டு.

ஆங்கிலத்தில் 'சாங்க்' என்று ஒரு சொல் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் இந்தச் சங்கை மட்டுமே குறிக்கும் சொல் அது. அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் போர்ச்சுகீசியர். கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா தா ஓர்த்தா 1563இல் அச்சிட்ட நூலில், வங்காளத்துக்கு ஏற்றுமதியாகும் சரக்கு என்று 'சாங்கோ'வைக் குறிப்பிடுகிறார். ஓர்த்தாவின் தாய்மொழியில் 'கோன்ஷா' என்று ஓட்டுக்குச் சொல் இருந்தது. லத்தீன் கான்காவின் நேர் வாரிசு அது. சொந்தச் சொல் கையில் இருந்தும், இந்தக் கடலின் சங்குக்கு இந்த நாட்டுப் பெயரையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1798இல் ரோடிங் என்ற ஜெர்மானியர் இச்சங்கின் பேரினத்துக்குச் 'சாங்கஸ்' என்று அறிவியல் பெயரிட்டதும் அதன் தொடர்ச்சிதான். டர்பினெல்லா என்ற பெயர் பின்னர் அதை அகற்றி நிலைபெற்றது.

ஆக, பழங்காலத்தில் பிரிந்த இரு உடன்பிறப்புகள் ஆங்கிலத்தில் மறுபடி ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்று ரோம் வழியாக வந்து மூக்கிலும் காதிலும் குடியேறியது. மற்றொன்று இந்தியக் கடற்கரையிலிருந்து கப்பலேறி மீன்வளத் துறையின் ஏடுகளில் இடம்பிடித்தது. தூத்துக்குடியில் முத்து, சங்கு குளிப்பை மேற்பார்வையிட்ட ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் எழுதிய ஆய்வு நூலின் தலைப்பிலேயே 'சாங்க்' நிற்கிறது. கொற்கையிலும் காயலிலும் அரத்தால் அறுக்கப்பட்ட பழைய சங்குத் துண்டுகளை அவர் கண்டு பதிவு செய்தார். மதுரைக்காஞ்சி அக்கால நகரத் தொழிலாளரிடையே சங்கறுத்துக் கடைவோரைச் சேர்த்துச் சொல்வதற்கு மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த துணை அது.

ஒரே ஓடு, மூன்று உறுப்பு

சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதை உடம்பில் எங்கே வைத்தார்கள் என்பது இன்னும் வளமான கேள்வி. இதில் மூன்று மரபுகள் மூன்று வழி போயின.

கிரேக்கரும் ரோமரும் சங்கைக் காதிலும், பிற்கால ஐரோப்பியர் மூக்கிலும் வைத்தனர். அவர்கள் கண்டது குழிவு. வடமொழி மருத்துவம் நெற்றிப்பொட்டில் வைத்தது. சுசுருத சம்ஹிதையில் புருவ முனைக்கும் காதுக்கும் இடையே உள்ள மர்மத்துக்கு, அதாவது உயிர்நிலைக்கு, 'சங்க்க' என்று பெயர். அங்கே அடிபட்டால் உடனே உயிர் போகும் என்று அது எச்சரிக்கிறது. பண்டைய இந்திய எலும்பியலை ஆராய்ந்து ஹெர்ன்லே 1907இல் வெளியிட்ட நூலும் இதைப் பொட்டெலும்பாகவே அடையாளம் காண்கிறது.

தமிழ்ப் பேச்சோ சங்கைத் தொண்டையில் வைத்தது. 'சங்கைப் பிடிச்சுட்டான்', 'சங்கை அறுத்துருவேன்' என்று சண்டையில் வரும் சங்கு குரல்வளைதான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இதற்கு விளக்கம் தேவையில்லை. வர்ம நூல்களிலும் 'சங்குத்திரி' என்று ஒரு வர்மத்துக்குப் பெயர் உண்டு. தொண்டையில் ஏன் வைத்தார்கள்? இரு காரணங்கள் பொருந்திவருகின்றன. கழுத்தைச் சங்குக்கு ஒப்பிடுவது தமிழிலும் வடமொழியிலும் புலவர்களின் நெடுநாள் வழக்கம். கழுத்தின் வரிகள் சங்கின் வரிகளை நினைவூட்டும். கூடவே, சங்கு ஊதப்படும் பொருள். சிப்பியைத் தின்ற கரையில் அதன் குழிவு கண்ணில் பட்டிருக்கும். சங்கைக் கோயிலிலும் சாவு வீட்டிலும் ஊதிய நாட்டில் அதன் ஒலி காதில் விழுந்திருக்கும். ஒலி பிறக்கும் உறுப்புக்குச் சங்கின் பெயர் தகும்.

இங்கே 'குரல்வளை' என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. வளை என்பதற்கு வளையம் என்றும் பொந்து என்றும் சங்கு என்றும் மூன்று பொருளுமே தமிழில் உண்டு. குருத்தெலும்பு வளையத்தைக் கொண்ட உறுப்பு என்பதால் வளையம் என்ற பொருள் பொருந்தும். காற்று போகும் வழி என்பதால் பொந்தும் பொருந்தும். அதே உறுப்பைப் பேச்சுத் தமிழ் சங்கு என்பதைப் பார்க்கும்போது மூன்றாம் பொருளையும் தள்ளிவிட முடியவில்லை. எனினும் மேலே கிரேக்கத்துக்கு வைத்த அளவுகோலை நம் சொல்லுக்கும் வைக்க வேண்டும். குரல்வளை என்ற சொல்லின் பழைய ஆட்சிகளைக் காலவரிசையில் அடுக்கினால்தான் இது கருதுகோள் நிலையைத் தாண்டும்.

உட்செவிச் சுருளில் இன்னொரு செய்தி உண்டு. மனிதரின் காக்ளியா ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுழல்கிறது. வலக்காதின் சுருளும் இடக்காதின் சுருளும் கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிர்த் திசையில் திரும்புகின்றன. கடலில் வலம்புரி கிடைப்பது அரிதிலும் அரிது. நம் தலைக்குள் வலம்புரி ஒன்று, இடம்புரி ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் இரண்டும் உண்டு. சுருளின் திசைக்கு இவ்வளவு துல்லியமான சொற்களை ஏற்கெனவே வைத்திருக்கும் மொழி, செவியின் அமைப்பை விளக்கத் தடுமாற வேண்டியதில்லை.

தமிழில் உடற்கூறு எழுதியோர்

அப்படித் தடுமாறாமல் எழுத முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மருத்துவர்களை உருவாக்கினார். 1864 முதல் பாடத்தைத் தமிழிலேயே நடத்தினார். கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழில் வந்தது. அந்தத் தலைப்பில் நம் கேசாதிபாத மரபின் சாயல் தெரிகிறது. சொல்லாக்கத்தில் கிரீன் வைத்த ஒழுங்கும் எளியது: முதலில் தமிழில் தேடு, அங்கே இல்லையென்றால் வடமொழியில் தேடு, அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது.

அடுத்த முயற்சி நம் பக்கத்திலிருந்தே எழுந்தது. 1934இல் திருநெல்வேலியில் தொடங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் உழைப்பால் சொல்லாக்கத்தைத் தன் முதற்பணியாக எடுத்துக்கொண்டது. 1936இல் விபுலானந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூடியது. 1938இல் ஏறத்தாழ 10,000 சொற்களோடு 'கலைச்சொற்கள்' நூல் வந்தது. அதே பத்தாண்டில் காவல்துறையில் பணிபுரிந்த டி.வி. சாம்பசிவம் பிள்ளை, சித்த மருத்துவச் சொற்களைத் தனிமனிதராகத் திரட்டிப் பேரகராதியாக வெளியிடத் தொடங்கினார்.

இவர்கள் யாரும் ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து வந்ததா என்று வாதிட்டு நேரம் போக்கவில்லை. ஒரு தமிழ் மாணவனுக்கு எலும்பைக் காட்டி என்ன சொல்வது என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

இன்று செய்ய வேண்டியது

அந்தக் கேள்வி தீரவில்லை. சளியும் ஒவ்வாமையும் முற்றி மூக்கின் கான்கா வீங்கியவரிடம் 'மூக்கில் சதை வளர்ந்திருக்கு' என்று சொல்லி அனுப்புகிறார்கள். கேட்டவர் இல்லாத ஒன்று புதிதாக முளைத்துவிட்டதாக அஞ்சுகிறார்; புற்றுநோயோ என்று கலங்குவோரும் உண்டு. 'எல்லார் மூக்கிலும் சங்குபோல் சுருண்ட தகடு உண்டு, உங்களுக்கு அதன் மேலுள்ள தோல் வீங்கியிருக்கிறது' என்றால் பாதி அச்சம் அங்கேயே தீரும். நல்ல பெயர் நோயாளிக்கு அறிவைத் தருகிறது. தவறான பெயர் பயத்தைத் தருகிறது. சொல்லாய்வு மேடைப் பேச்சோடு நின்றுவிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இதற்கான கருவூலம் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் நடக்கவில்லை. சங்கு குளிப்போர் இன்னும் இருக்கிறார்கள். ஓட்டின் ஒவ்வொரு பகுதிக்கும், சுருளுக்கும், வாய்க்கும் அவர்களிடம் சொல் உண்டு. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமங்களில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியர்களிடமும், பிள்ளைப்பேறு பார்த்த மூதாட்டிகளிடமும் உடம்பின் மூலைமுடுக்குகளுக்குப் பெயர்கள் இருக்கின்றன. தூத்துக்குடியில் 2000ஆம் ஆண்டிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதன் உடற்கூற்றியல் மாணவர்களும் வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்களும் சேர்ந்து இச்சொற்களைக் கேட்டு, யார் எந்த ஊரில் எந்த உறுப்பைக் காட்டிச் சொன்னார் என்று பதிந்து, கிரீன் வைத்த ஒழுங்கில் பிரித்தால், மருத்துவத் தமிழுக்கு அது பெரும் பலம்.

கான்கா நம்மிடமிருந்து போனதல்ல என்று ஒப்புக்கொள்வதில் இழப்பு எதுவும் இல்லை. போனது சாங்க், அதற்கு 1563ஆம் ஆண்டின் அச்சுச் சான்று இருக்கிறது. குரல் பிறக்கும் இடத்தில் சங்கை வைத்துப் பார்த்தது தமிழின் சொந்தப் பார்வை. அதை எவரிடமும் நிரூபிக்கத் தேவையில்லை. சான்றுள்ள பெருமையைப் பேணிக்கொண்டு, சான்றில்லாததை விட்டுவிட்டு, மிச்ச உழைப்பை மூக்கடைப்போடு மருத்துவமனை வரிசையில் நிற்பவருக்குப் புரியும் சொல்லை உண்டாக்குவதில் செலவிடுவோம். மானிப்பாயிலும் திருநெல்வேலியிலும் தொடங்கியவர்கள் விட்டுச்சென்ற வேலை அதுதான்.